ஆயிஷா என்றால் நீண்ட ஆயுளா?

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆளுக்கு முதல் 20 நாட்கள் பெயரே கிடையாது. ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் கண்ணாடிக்குள் கிடந்த 11 நாளும் காலில் ஒரு பட்டை. அதில் ராத்தாவின் பெயரை எழுதி, முன்னால் 'பேபி ஆஃப்' என்று போட்டிருந்தார்கள். பி.காம். படிக்கிறவன் புத்தி எங்கே போகும்? எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகத் தூக்கிப் போட்டு வைப்போமே, சஸ்பென்ஸ் அக்கவுண்ட், அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. (இதை ராத்தாவிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

தெரியாதவர்களுக்காக: ராத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா. உம்மும்மா என்றால் அம்மாவின் அம்மா. இந்தக் கட்டுரையில் இருவரும் வருவார்கள்.

வழக்கமாக ஏழாம் நாள் முடியெடுத்துப் பெயர் வைப்போம். ஏழாம் நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றே போய்விட்டதால் 21-ஆம் நாள் என்று முடிவானது. ராத்தா பெயரை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தாள். ஆயிஷா. காரணமும் வைத்திருந்தாள். 2 வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பிறந்த முதல் பிள்ளை 3 நாள்தான் இருந்தது. இந்த முறை எங்கேயோ இணையத்தில் 'ஆயிஷா – நீண்ட ஆயுள் உடையவள்' என்று படித்திருக்கிறாள். "எனக்கு அந்த அர்த்தம் போதும்டா தம்பி" என்றாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் பேசவில்லை.

பேசியது உம்மும்மா மட்டும்தான். "அந்தப் பேரு வேணாம்." அவர் பெற்றது 9. மிஞ்சியது 5. மிஞ்சாத நாலில் ஒருத்தியின் பெயர் ஆயிஷா. நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். என் உம்மாவுக்கு மூத்தவள். இருந்திருந்தால் எனக்குப் பெரியம்மா. "பேருல இருந்த ஆயுசு புள்ளைக்கி இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

இதற்கு நடுவில் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த மாமா வேறு. "தெருவுக்கு நாலு ஆயிஷா இருக்கு. மாடர்னா ஏதாவது வைங்கப்பா." அவர் போனில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. எல்லாப் பெயரும் தேன் சொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் பொருள் 'சுவர்க்கத்தின் மலர்' அல்லது 'நிலவின் ஒளி'.

சண்டையை முடித்து வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீதான் காலேஜ் படிக்கிறியே, சரியான அர்த்தம் என்னன்னு பாத்துச் சொல்லு." டெபிட் கிரெடிட் படிக்கிறவனுக்கும் அரபி இலக்கணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உண்டாகிவிட்டது.

முதலில், குழந்தைப் பெயர்த் தளங்களை நம்பாதீர்கள். ஆயிஷா என்று தேடினால் ஒன்று 'வளமானவள்' என்கிறது, இன்னொன்று 'மகிழ்ச்சியானவள்', மூன்றாவது 'அழகி'. 'நீண்ட ஆயுள் உடையவள்' என்பதும் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். ஒரு தளம் எழுதியதை இன்னொரு தளம் நகல் எடுக்கிறது. எடுக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறது. ஆடிட்டிங்கில் வவுச்சர் இல்லாத பதிவை ஏற்றுக்கொள்ளாதே என்று சொல்லித்தருகிறார்கள் அல்லவா? பெயருக்கு வவுச்சர் அகராதி. எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் தொகுத்த பெரிய அரபி–ஆங்கில அகராதி (முதல் பாகம் 1863-ல் வந்தது) பழைய பதிப்பு என்பதால் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது. ஹான்ஸ் வேர் என்ற ஜெர்மானியரின் அகராதி இன்றைய அரபிக்கு. இரண்டிலும் அகர வரிசையில் சொல்லைத் தேடக்கூடாது, வேரைத் தேட வேண்டும். அரபியில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்றெழுத்து வேர் உண்டு.

ஆயிஷாவின் வேர் ஐன், யா, ஷீன். அதிலிருந்து வரும் வினைச்சொல் 'ஆஷ'. உயிரோடு இருந்தான், வாழ்ந்தான் என்று பொருள். அந்த வினையைச் செய்பவரைக் குறிக்க அரபியில் ஓர் அச்சு இருக்கிறது. அதில் எந்த வேரை ஊற்றினாலும் ஆள் வந்து நிற்பார். அறிபவர் ஆலிம், எழுதுபவர் காத்திப், வணிகம் செய்பவர் தாஜிர் (நம்ம ஆள்!). பெண்பாலுக்குக் கடைசியில் ஓர் 'ஆ' ஓசை சேரும். ஆலிம் – ஆலிமா. அதே அச்சில் 'ஆஷ' வினையை ஊற்றினால் வருவது ஆஇஷா. இருப்பவள். உயிரோடு இருக்கிறவள். அவ்வளவுதான்.

நடுவில் இருக்கவேண்டிய 'ய' எங்கே போனது என்று கேட்பீர்கள். வேரின் நடுவெழுத்து யா-வாக இருந்தால் இந்த அச்சில் அது ஹம்ஸாவாக, தொண்டையில் ஒரு சின்னத் தடையாக மாறிவிடும். ஆனால் வளைகுடா நாடுகளில் பேச்சு வழக்கில் அந்த 'ய' திரும்பி வந்துவிடுகிறது, ஆய்ஷா என்கிறார்கள். ஆகவே "தமிழ்க்காரர்கள் ஆயிஷா என்று யகரம் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். நாம் தொலைத்தது வேறு எழுத்தை. முதல் எழுத்தான ஐன். தொண்டையின் அடியிலிருந்து வரும் அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. சோமாலியர்கள் 1972-ல் தங்கள் மொழிக்கு லத்தீன் எழுத்தை எடுத்துக்கொண்டபோது, சும்மா கிடந்த 'சி' என்ற எழுத்தை ஐனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அங்கே இந்தப் பெயரே 'சி'யில் தொடங்கும். சிக்கனம் என்றால் இது!

இந்த ஆராய்ச்சியை வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன் குறுக்கே வந்தான். "டேய், இதுக்கு எதுக்கு அரபி? ஆயுசு, ஆயுள், ஆயிஷா. எல்லாம் ஒண்ணுதானே?" கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் கிட்டத்தட்ட. ராத்தா படித்த தளத்துக்காரருக்கும் இப்படித்தான் தோன்றியிருக்கும் போல. ஆனால் சம்பந்தமில்லை. ஆயுசு வந்தது சமஸ்கிருத 'ஆயுஸ்' என்ற சொல்லிலிருந்து. அதன் உறவுக்காரர்கள் கிரேக்கத்தில் 'அயோன்', லத்தீனில் 'ஏவும்'. இரண்டும் காலத்தை, ஊழியைக் குறிப்பவை. அரபி வேறு குடும்பம். ஹீப்ரூ, அராமிக் பக்கத்து ஆள். இப்படித் தற்செயலாக ஒத்துப்போகும் சொற்கள் எந்த இரு மொழியிலும் சில கிடைக்கும். ஸ்வாஹிலியில் ஆயிஷாவை 'ஆஷா' என்பார்கள். நம் ஊர் ஆஷாவுக்கும் அதற்கும் உறவு இல்லை. ஐஸ்வர்யாவைச் செல்லமாக 'ஐஷ்' என்பதும் அப்படியே. அது ஈஸ்வரனிலிருந்து வந்தது.

ஆனால் நண்பன் செய்த தவறுதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. ஆயுசு என்பது ஓர் அளவு. நீளம், குட்டை, கெட்டி என்றெல்லாம் சொல்லலாம். 'நூறு ஆயுசு' என்று எண்ணலாம். அரபியில் அந்த அளவுக்குத் தனிச் சொல் இருக்கிறது, 'உம்ர்'. ஆயிஷாவில் உம்ர் இல்லை. நீளம் இல்லை, எண் இல்லை, வாக்குறுதி இல்லை. இன்றைக்கு, இப்போது, இருக்கிறாள் என்று மட்டும் சொல்கிற பெயர் அது. ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்கு 'லிவிங்' என்றால் உடனே புரியும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வாழ்பவள்' என்றுதான் புத்தகங்களில் இருக்கிறது. தப்பில்லை. ஆனால் வாழ்வு என்றதும் தமிழில் பங்களா, கார் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது ("நல்லா வாழ்ந்த குடும்பம்"). என்னைக் கேட்டால் நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: பிழைத்தல். காய்ச்சலில் கிடந்த பிள்ளை கண் திறந்தால் "பிழைச்சிருச்சு" என்போம். அதே சொல்லில் ஒரு விகுதி சேர்த்தால் 'பிழைப்பு', அதாவது வருமானம், தொழில், சோறு. உயிரோடு இருப்பதற்கும் வயிற்றுப்பாட்டுக்கும் ஒரே வேர்.

அரபியிலும் அப்படியே! இதுதான் இந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். அதே ஐன்-யா-ஷீன் வேரிலிருந்து 'மஈஷா' என்றால் பிழைப்பு. வாழ்க்கைச் செலவு ஏறிவிட்டது என்று அரபிப் பத்திரிகைகள் எழுதும்போது இந்தச் சொல்தான் வரும். 'மஆஷ்' என்றால் சம்பளம், ஓய்வூதியம். உருதுவில் பொருளாதாரப் பாடத்துக்கே 'மஆஷியாத்' என்று பெயர். அதாவது என் மருமகளின் பெயரும் நான் மூன்றாவது செமஸ்டரில் தட்டுத்தடுமாறித் தேறிய பாடமும் ஒரே வேரில் முளைத்தவை.

இன்னும் இருக்கிறது. மற்ற அரபு நாடுகளில் ரொட்டிக்கு 'குப்ஸ்' என்று பெயர். கல்ஃபில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். எகிப்தியர்கள் மட்டும் ரொட்டியை 'ஏஷ்' என்கிறார்கள். அதாவது 'வாழ்வு'. குவைத் பக்கம் அதே 'ஏஷ்' என்றால் அரிசிச் சோறு. எது தின்றால் உயிர் தங்குமோ அதற்கு உயிரின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1977 ஜனவரியில் சதாத் அரசு உணவு மானியத்தைக் குறைத்தபோது எகிப்தில் கலவரம் வெடித்து இரண்டே நாளில் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2011-ல் தஹ்ரீர் சதுக்கத்தில் எழுந்த முழக்கத்தில் சுதந்திரத்துக்கும் சமூக நீதிக்கும் முன்னால் வந்த முதல் சொல் இந்த 'ஏஷ்'தான். 30 வருஷத்துக்கு மேல் 5 பியாஸ்டருக்கு விற்ற மானிய ரொட்டியை 2024 ஜூன் 1 முதல் 20 பியாஸ்டர் ஆக்கினார்கள் (100 பியாஸ்டர் ஒரு பவுண்ட்). நாலு மடங்கு. விலையைத் தொடவே ஓர் அரசு இத்தனை வருஷம் பயந்தது என்றால் அந்தச் சொல்லின் கனம் புரியும்.

அதே சொல் கிழக்கே வந்தபோது என்ன ஆயிற்று பாருங்கள். உருதுவிலும் இந்தியிலும் 'ஐஷ்' என்றால் சொகுசு, கேளிக்கை. 'அய்யாஷ்' என்றால் கூத்தடிக்கிறவன். அரபியில் அய்யாஷ் மரியாதையான ஆண் பெயர். நபித்தோழர் ஒருவருக்கே அந்தப் பெயர் உண்டு. 'வளமானவள்', 'மகிழ்ச்சியானவள்' என்று தளங்கள் எழுதுவது இந்த வழியில் வந்த சாயமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, வேர் ஆராய்ச்சி முடிந்தது. இப்போது எனக்கே எதிராக ஒன்று சொல்ல வேண்டும். பொருள் பார்த்து மட்டும் யாரும் பெயர் வைப்பதில்லை. நபிகள் நாயகத்தின் மனைவியும் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளுமான ஆயிஷா (ரலி) இல்லாவிட்டால் இந்தப் பெயர் துருக்கியில் ஐஷே ஆகவும் செனகலில் ஐஸ்ஸத்து ஆகவும் எங்கள் தெருவில் நாலாகவும் இருந்திருக்காது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் அவர் வாயிலாக வந்தவை. பெரிய பெரிய ஆட்கள் சந்தேகம் கேட்டு வந்த அறிஞர். 678-ல் மதீனாவில் காலமானார். இதற்கு மறுபக்கமும் உண்டு. 656-ல் பஸ்ராவுக்கு அருகே நடந்த ஒட்டகப் போரில் அவர் அலீ (ரலி) அவர்களுக்கு எதிர் அணியில் இருந்தார். அதனால் ஷியா குடும்பங்களில் இந்தப் பெயர் அரிது. அங்கேயும் பொருள் 'உயிரோடு இருப்பவள்'தான். பொருள் மாறவில்லை, நினைவு வேறு. உம்மும்மாவுக்கும் அப்படித்தான். அவருடைய ஆயிஷா நாலு வயதுப் பிள்ளை.

தமிழில் இந்தப் பெயரைச் சொன்னால் ஆசிரியர்களுக்கு உடனே ஞாபகம் வருவது இரா. நடராசன் எழுதிய குறுநாவல். அதன் தலைப்பும் 'ஆயிஷா'தான். அந்தக் கதை எழுதியவரின் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. 'ஆயிஷா' நடராசன் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். வகுப்பில் கேள்வி கேட்கும் ஒரு பெண். கேள்வி கேட்டதற்காக அடி வாங்குகிறவள். கடைசியில் அவள் இறந்துபோகிறாள். பள்ளியில் படித்தபோது பெயரின் பொருள் எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்து யோசித்தால் என்னவோ செய்கிறது.

ஆக, உம்மும்மா சொன்னது சரி. அந்தப் பெயர் யாரையும் காப்பாற்றவில்லை. பெயரை இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி எடுத்தால் அப்படித்தான் ஆகும். பிள்ளை இறந்து இறந்து போனால் அடுத்ததற்குப் 'பிச்சை' என்றும் 'குப்பை' என்றும் நம் ஊரில் பெயர் வைப்பார்கள், எமன் அலட்சியமாக விட்டுவிடுவான் என்று. துருக்கியில் அதே நிலையில் 'துர்சுன்' என்று வைப்பார்கள், 'தங்கட்டும்' என்று பொருள். எல்லாம் பிரீமியம் கட்டுகிற வேலை. ராத்தா நினைத்த 'நீண்ட ஆயுள்' ஆயிஷாவும் அந்த வகைதான். பெற்றவள் பயத்தில் செய்வது, அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் அகராதியில் இருக்கும் ஆயிஷா அந்த வகை இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்தப் பெயர் நாளைக்கு எதையும் கேட்கவில்லை. அதனால் அது பொய்த்தும் போகாது.

மாமாவின் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. புதுப் பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 1400 வருஷமாக எல்லோரும் வைத்ததையே வைக்கவேண்டும் என்று சட்டமா? ஆனால் 'சுவர்க்கத்தின் மலர்' என்று போட்டிருந்தால் எந்த மொழியில், எந்த வேரில் என்று ஒரு தடவை அகராதியைத் திறந்து பாருங்கள். அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளில் பதிந்துவிட்டால் போதும், பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். சட்டமே அவ்வளவு அவகாசம் தருகிறது. நாம்தான் போனில் மூன்று நிமிஷத்தில் முடிக்கிறோம்.

20-ஆம் நாள் இரவு உம்மும்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராத்தா உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "உம்மும்மா, அந்தப் பேருக்கு நீண்ட ஆயுசுன்னு அர்த்தம் இல்லையாம். நெட்ல தப்பாப் போட்டிருக்கான். 'இருக்கா'ன்னுதான் அர்த்தம். அவ்ளோதான்."

அவர் கொஞ்ச நேரம் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"இருந்தாதானே வாப்பா. நாலு வருஷம் இருந்தா. நல்லாப் பேசுவா."

அவளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. முடிவில் பேப்பர் கொண்டுவா என்றார். உம்மும்மா தமிழ் எழுத்து அதிகம் படித்தவர் இல்லை, ஆனால் அரபுத் தமிழ் எழுதுவார். அரபி எழுத்தில் தமிழை எழுதுவது, அந்தக் காலத்துப் பெண்கள் பலருக்குத் தெரியும். என் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுங்கும் கையால் பெயரை எழுதினார். நான் மேலே சொன்னேனே, தமிழில் தொலைந்துபோன ஐன், அது முதல் எழுத்தாக அங்கே உட்கார்ந்திருந்தது. "காலையில உன் ராத்தாகிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். அடுத்த வாரம் பதிவு செய்யப் போன இடத்தில் "ஷாவா, சாவா?" என்று கேட்டார்கள். மச்சான் "ஷா" என்றார். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது. இனி ஆதார், பாஸ்போர்ட், பேங்க் எல்லாவற்றிலும் அந்த ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டுமே என்று நான் நாலு தடவை சரிபார்த்தேன்.

மாமா எண்ணிச் சொல்லிவிட்டார், எங்கள் தெருவில் இவள் 5-ஆவது ஆயிஷாவாம். இப்போது எடை 2 கிலோ 900.